பனி இல்லாத மாதங்களும் நம் பள்ளி விடுமுறையும்

மாணவர்களே, மலாக்காவில் பனி பெய்வதில்லை. ஆனாலும் இந்த வாரம் பனிச்சறுக்குப் பலகை வீரர்களைப் பற்றிச் சொல்லித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. இரண்டு கால்களையும் ஒரே பலகையில் பூட்டிக்கொண்டு, பக்கவாட்டில் நின்றபடி மலைச்சரிவில் வழுக்கி இறங்கும் விளையாட்டு அது. 1998-இல் ஜப்பானின் நாகானோ நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாக அதைச் சேர்த்தார்கள். ஆஸ்திரியாவிலோ நார்வேயிலோ அதை விளையாடும் உங்கள் வயதுப் பிள்ளைக்கு ஆண்டில் சில மாதங்கள்தாம் பனி கிடைக்கும். மீதி மாதங்களில் மலை பச்சையாக இருக்கும், பலகை சுவரில் தொங்கும்.

அந்த மாதங்களில் அந்தப் பிள்ளை சும்மா இருப்பதில்லை. குந்தி எழுகிறது. படி ஏறி இறங்குகிறது. பெட்டியின் மேலிருந்து குதித்து, ஓசை எழாமல் தரையில் இறங்கப் பழகுகிறது. சக்கரப் பலகையில் நின்று சமநிலையைக் காக்கிறது. சரிவில் இறங்கும் நேரம் முழுவதும் முழங்கால்கள் மடிந்தே இருக்க வேண்டும். ஒவ்வொரு மேட்டிலும் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அந்தத் தசையைப் பனி விழுந்த பிறகு உருவாக்க முடியாது.

இப்போது நம் பக்கம் வருவோம். ஜாசினிலோ அலோர் காஜாவிலோ உள்ள ஓர் இடைநிலைப்பள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது பெயர் கேட்கிறார்கள். "400 மீட்டர் யாரு ஓடுறா?" கை தூக்கியவர் மறுநாள் மாலையே திடலில் முழு வேகத்தில் ஓடுகிறார். நான்காம் நாள் தொடையின் பின்தசை பிடித்துக்கொள்கிறது. தைலம் தேய்த்துக்கொண்டு போட்டியில் ஓடுகிறார். வென்றால் மாவட்டப் போட்டி, அதிலும் வென்றால் மாநிலப் போட்டி. எல்லாம் முடிந்ததும் காலணி கட்டிலுக்கு அடியில் போய்விடும். அடுத்த ஆண்டு மறுபடியும் முதலிலிருந்து. இதைத்தான் நாம் பயிற்சி என்கிறோம். என்னைக் கேட்டால் இது பயிற்சி அல்ல, ஆள் பிடிப்பது.

மாசி மகத்துக்குச் சன்னாசிமலையில் காவடி எடுப்பவர்கூட வாரக்கணக்கில் விரதம் இருந்து தம்மைத் தயார் செய்கிறார். ஓட்டக்காரருக்கு மட்டும் நாம் அந்த அவகாசத்தைக் கொடுப்பதில்லை.

போட்டி இல்லாத மாதங்களில் உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதை அறிவியல் நன்றாகவே அளந்து வைத்திருக்கிறது. 1984-இல் எட்வர்ட் கோய்ல் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், நன்கு பயிற்சி பெற்ற 7 பேரைப் பயிற்சியை நிறுத்தச் சொல்லிக் கவனித்தார்கள். உடல் ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய உயிர்வளியின் உச்ச அளவு முதல் 21 நாட்களில் 7 விழுக்காடு குறைந்தது. 56 நாட்களில் குறைவு 16 விழுக்காடாகி, அதன்பின் அந்த நிலையில் நின்றது. முதல் சில வாரங்களின் சரிவுக்கு முக்கியக் காரணம், இதயம் ஒரு துடிப்பில் வெளியே தள்ளும் இரத்தத்தின் அளவு குறைந்ததுதான். பயிற்சியை விட்டால் இரத்தத்தின் நீர்ப்பகுதி விரைவில் குறையத் தொடங்குகிறது. இதயத்துக்குத் திரும்பி வரும் இரத்தம் குறைகிறது. அதே வேலைக்கு இதயம் கூடுதல் முறை துடிக்க வேண்டியிருக்கிறது. விடுமுறை முடிந்து முதல் நாள் ஓடும்போது மூச்சு வாங்குவது இதனால்தான்.

தசை வலு இவ்வளவு வேகமாகப் போவதில்லை. சில வாரங்கள் தாக்குப்பிடிக்கும். வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை உழைத்தாலே அதன் பெரும்பகுதியைக் காப்பாற்றிவிடலாம். ஆகவே விடுமுறையில் தினமும் கடுமையாகப் பயிற்சி செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. முற்றிலும் நிறுத்தாதீர்கள் என்கிறேன்.

உடல் வளரும் வரிசையும் முக்கியம். புதிதாகக் குந்தி எழத் தொடங்கும் ஒருவருக்கு முதல் சில வாரங்களில் வலு கூடுவது பெரும்பாலும் தசை பெருத்ததால் அல்ல. மூளையும் நரம்புகளும் இருக்கும் தசை நார்களை அதிக எண்ணிக்கையில், சரியான நேரத்தில் இயக்கக் கற்றுக்கொள்கின்றன. தசை அதற்குப் பிறகுதான் வளர்கிறது. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் அதைவிடவும் மெதுவாகத்தான் உறுதிப்படும். மூன்று வாரப் பயிற்சியில் நரம்பு தயாராகிவிடும், வேகமும் வந்துவிடும். ஆனால் அந்த வேகத்தைத் தாங்க வேண்டிய தசைநாண் இன்னும் பழைய நிலையில் இருக்கும். புதிய இயந்திரத்தைப் பழைய சங்கிலியில் மாட்டிய மோட்டார் சைக்கிள் போலத்தான்.

இதை வெறும் பாடமாக நினைக்காதீர்கள். நம் நாட்டின் ஓட்ட வரலாற்றிலேயே சான்று உண்டு. டான் ஸ்ரீ டாக்டர் மணி ஜெகதீசன் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஓடியபோது அவருக்கு வயது 16. உங்களில் பலருடைய வயது. பிறகு மருத்துவம் படித்துக்கொண்டே ஓடினார். 1966 பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 3 தங்கப் பதக்கங்களை வென்றார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 49 ஆண்டுகள் நின்றது. 2017-இல் அதை முறியடித்தவர் யார் தெரியுமா? நம் மலாக்காவைச் சேர்ந்த கைருல் ஹாபிஸ் ஜந்தான். அவருடைய நேரம் 20.90 விநாடி.

வேறுபாடு 0.02 விநாடி. அந்த வேகத்தில் அது எவ்வளவு தூரம் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்: 200 மீட்டரை 20.90-ஆல் வகுத்தால் விநாடிக்கு ஏறத்தாழ 9.57 மீட்டர். அதை 0.02-ஆல் பெருக்கினால் 19 சென்டிமீட்டர். உங்கள் கணிதப் புத்தகத்தில் உள்ள அடிக்கோலைவிடச் சிறியது. 49 ஆண்டுகளுக்குப் பிறகு நாடு முன்னேறிய தூரம் அது! இவ்வளவு நுண்ணிய இடைவெளியைப் போட்டிக்கு முந்திய மூன்று வாரத்தில் யாரும் உருவாக்கிவிட முடியாது.

வசதி இல்லையே என்பீர்கள். அதற்கும் 16 வயதுப் பிள்ளை ஒருவரைக் காட்டுகிறேன். இந்தியாவின் மணாலியில் வளர்ந்த சிவா கேசவன், அப்பா வழியில் கேரளத்துக்காரர். பனிக்கட்டித் தடத்தில் படுத்தபடி வழுக்கிச் செல்லும் 'லூஜ்' என்னும் விளையாட்டுக்கு இந்தியாவில் ஒரு தடம்கூட இல்லை. அவர் சறுக்கு வண்டியில் சக்கரம் பொருத்திக்கொண்டு இமயமலைச் சாலைகளில் பழகினார். 1998 நாகானோவில் தொடங்கி 2018 வரை 6 குளிர்கால ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார். (லாரிகளுக்கும் ஆட்டு மந்தைகளுக்கும் இடையில் அவர் இறங்குவதைப் பார்த்துவிட்டு நீங்கள் ஆயர் கெரோ சாலையில் முயற்சி செய்தால், இந்தப் பத்திரிகைக்கு உங்கள் அம்மாவிடமிருந்துதான் கடிதம் வரும். வேண்டாம்.) நான் சொல்ல வந்தது அந்தச் சக்கரத்தைப் பற்றி. பனி இல்லாவிட்டால் பனிக்கு ஈடானதைக் கண்டுபிடிக்க முடியும்.

நம் தாத்தா பாட்டி காலத்தில் ஓய்வுப் பருவம் என்று ஒன்றே கிடையாது. பால்மரக் காட்டில் விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். குளிர்ந்த நேரத்தில்தான் மரத்துக்குள் அழுத்தம் அதிகமாக இருந்து பால் நன்றாக வடியும் என்பதே காரணம். நூற்றுக்கணக்கான மரங்களுக்கு நடந்து, குனிந்து நிமிர்ந்து, தோளில் கம்பு வைத்துப் பால் வாளிகளைச் சுமந்தார்கள். மாலையில் அதே ஆட்கள் தோட்டத்துத் திடலில் காற்பந்து ஆடினார்கள். "அந்தக் காலத்துல நாங்க ஜிம்முக்கா போனோம்?" என்று தாத்தா கேட்டால் அதில் உண்மை இருக்கிறது. ஆனால் முழு உண்மை இல்லை. அது கூலிக்கு உழைத்த உழைப்பு. ஓய்வும் சத்தான உணவும் போதாத உழைப்பு. முதுகு வலியையும் முழங்கால் வலியையும் பலருக்குத் தந்த உழைப்பு. அதைப் பயிற்சி என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. பயிற்சி என்பது சுமை கூடுவதும், பின் ஓய்வு கிடைப்பதும், அந்த ஓய்வில் உடல் தன்னைத் திருத்திக்கொள்வதும் சேர்ந்தது.

இன்று தோட்டம் செம்பனையாகிவிட்டது. பல குடும்பங்கள் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் வந்துவிட்டன. உழைப்பு போனது நல்லதே. அதோடு திடலும் போய்விட்டதுதான் இழப்பு. உழைப்பும் இல்லை, திடலும் இல்லை என்ற நிலையில் வளரும் முதல் தலைமுறை நீங்கள்தாம். அதனால்தான் உடலைத் தயார் செய்வதை இனி தற்செயலாக விட முடியாது என்கிறேன்.

இதற்கான கருவி உங்கள் பள்ளியிலேயே இருக்கிறது. 'செகாக்' உடல்திறன் சோதனையைத்தான் சொல்கிறேன். ஆண்டுக்கு இருமுறை செய்கிறீர்கள். 30 சென்டிமீட்டர் உயரப் பலகையில் 3 நிமிடம் ஏறி இறங்குவது, கையூன்றி எழுவது, பாதி எழுந்து வயிற்றுத் தசையைச் சுருக்குவது, கால் நீட்டி அமர்ந்து முன்னே எட்டுவது. பள்ளியில் இருப்பவற்றில் மிக நல்ல ஏற்பாடு இது. மிக மோசமாகப் பயன்படுத்தப்படுவதும் இதுதான். எண்ணைப் படிவத்தில் எழுதுகிறோம், புள்ளி கிடைக்கிறது, அதோடு மறந்துவிடுகிறோம். போன முறை உங்கள் நாடித்துடிப்பு எவ்வளவு என்று இப்போது கேட்டால் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

படி ஏறும் சோதனையை மட்டும் எடுத்துக்கொள்வோம். தாளம் நிமிடத்துக்கு 96. ஒரு முறை ஏறி இறங்க 4 தட்டு. ஆக நிமிடத்துக்கு 24 முறை, 3 நிமிடத்தில் 72 முறை. ஒவ்வொன்றும் 30 சென்டிமீட்டர் என்றால் மொத்தம் 21.6 மீட்டர். 7 மாடி ஏறியதற்குச் சமம். முடித்தவுடன் நாடியை எண்ணுங்கள். ஒரு நிமிடம் கழித்து மறுபடி எண்ணுங்கள். இரண்டுக்கும் இடையில் எவ்வளவு இறங்குகிறதோ அதுவே உங்கள் இதயம் மீளும் வேகம். பயிற்சி ஏற ஏற இந்த இறக்கம் பெரிதாகும். கைத்தொலைபேசியில் தாளம் தட்டும் செயலி இலவசமாகவே கிடைக்கும். வீட்டு வாசற்படி உயரத்தை அளந்துகொண்டால் போதும், வேறு செலவு இல்லை.

வலுவுக்கு வருவோம். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு அரை மணி நேரம். குந்தி எழுவது, ஒரு காலை முன்வைத்து இறங்குவது, மாடிப்படியில் குதிகாலை உயர்த்தி மெல்ல இறக்குவது. 'மெல்ல' என்ற சொல்லைக் கவனியுங்கள். தசை சுருங்கும்போது செய்யும் வேலையைவிட, நீண்டுகொண்டே தாங்கும்போது செய்யும் வேலைதான் அதை அதிகம் சோதிக்கிறது. பனிச்சறுக்கு வீரர் மேட்டில் இறங்கும்போதும், நீங்கள் ஓட்டத்தில் காலை ஊன்றும்போதும், தலையால் முட்டிய காற்பந்துக்குப் பின் தரையில் விழும்போதும் நடப்பது அதுவே. முதல் முறை செய்தால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடை வலிக்கும். பயப்படாதீர்கள். தசை நார்களில் ஏற்பட்ட நுண்ணிய சேதத்தை உடல் சரிசெய்கிறது. அடுத்த முறை அதே வேலைக்கு வலி மிகக் குறைவாக இருக்கும். இந்த வலியைப் போட்டிக்கு முந்திய வாரத்தில் வாங்கிக்கொள்வதா, விடுமுறையின் முதல் வாரத்தில் வாங்கிக்கொள்வதா என்பதுதான் கேள்வி.

ஓட்டக்காரர்களும் காற்பந்துக்காரர்களும் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முட்டி போட்டு நில்லுங்கள். தம்பியோ தங்கையோ உங்கள் கணுக்கால்களை அழுத்திப் பிடிக்கட்டும். உடலை நேராக வைத்தபடி முன்னால் மெல்லச் சாயுங்கள். முடியாத இடத்தில் கைகளை ஊன்றுங்கள். 'நோர்டிக்' பயிற்சி என்பார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், இதைச் செய்யும் அணிகளில் பின்தொடைக் காயங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருக்கின்றன. முதல் வாரத்தில் 2 தொகுப்பு, தொகுப்புக்கு 5 முறை போதும். கூட்டிக்கொண்டு போவது பிறகு. தம்பிக்கு ஒரு மைலோ வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு சொல். காற்பந்து, கூடைப்பந்து, வலைப்பந்து போன்ற விளையாட்டுகளில் முழங்காலுக்குள் இருக்கும் முன் சிலுவை இணைப்புநார் அறுந்துபோகும் ஆபத்து ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கமாகச் சரிவது அதற்கு ஒரு காரணம். நல்ல செய்தி என்னவென்றால், அதைப் பயிற்சியால் மாற்றலாம். நார்வேயில் 13 முதல் 17 வயது வரையிலான காற்பந்துப் பெண்களிடம், ஓட்டம், வலு, சமநிலை, சரியாகத் தரையிறங்குவது ஆகியவற்றைச் சேர்த்த 20 நிமிட முன்பயிற்சியைச் சோதித்தார்கள். 2008-இல் முடிவு வெளிவந்தது. காயங்கள் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. கண்ணாடி முன் நின்று ஒற்றைக் காலில் குந்திப் பாருங்கள். முழங்கால் கட்டை விரல் பக்கம் சாய்கிறதா, இரண்டாம் விரலுக்கு நேராக இருக்கிறதா? அதைத் திருத்தப் பழகுவதற்கு நான்கு சுவருக்குள் இடம் போதும். "பொம்பளப் பிள்ளை திடலுக்குப் போகணுமா?" என்று வீட்டில் கேட்கும் நாளிலும் இதைச் செய்யலாம். அந்தக் கேள்வி தவறு என்பது என் கருத்து. ஆனால் அது மாறும்வரை உங்கள் முழங்கால் காத்திருக்க வேண்டியதில்லை.

வேகமாக உயரம் கூடும் வயதில் எலும்பு முந்திக்கொள்ளும், தசையும் தசைநாணும் பின்தங்கும். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு முனை வீங்கி வலித்தால் அது சோம்பேறித்தனம் அல்ல. குதிப்பதைக் குறைத்துவிட்டு ஆசிரியரிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள். எடை தூக்கினால் உயரம் நின்றுவிடும் என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். சரியான முறையில், மேற்பார்வையோடு செய்யும் வலுப் பயிற்சி வளர்ச்சியைத் தடுப்பதில்லை. உலகச் சுகாதார நிறுவனமே 5 முதல் 17 வயதுள்ளவர்களுக்குத் தினமும் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பையும், வாரத்துக்கு 3 நாளாவது தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் செயல்களையும் பரிந்துரைக்கிறது.

நம் ஊர் வெப்பத்தை மறந்துவிடக் கூடாது. காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடிவிடுகிறது. வழியும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை, ஆவியாகும் வியர்வையே குளிர்விக்கும். வெயிலுக்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் பிடிக்கும். ஆகவே குளிரூட்டிய அறையில் விடுமுறையைக் கழித்துவிட்டு வெயிலில் குறுக்கோட்டம் ஓடப் போகாதீர்கள். காலை 7 மணிக்குப் புக்கிட் சீனாவில் நடப்பவர்களைப் பாருங்கள். அந்தச் சரிவே நல்ல பயிற்சிக் களம். மாலையில் இடி இடித்தால் திடலை விட்டு வெளியேறுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 விநாடி என்றால் மின்னல் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அது அருகில்தான். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழித்தே திரும்புங்கள். மரத்தடியில் ஒதுங்காதீர்கள்.

சாப்பாட்டில் ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் அது பழக்கமாகிவிட்டது. சோற்றோடு தேநீர் குடிப்பது. தேநீரில் உள்ள பொருட்கள் காய்கறியிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்வதைத் தடுக்கின்றன. இரும்பு குறைந்தால் உயிர்வளியைச் சுமக்கும் செவ்வணுக்கள் குறையும். வளரும் பெண் பிள்ளைகளுக்கு இது இரட்டை இழப்பு. உணவுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணி நேரம் விடுங்கள்.

பெற்றோர் கேட்கும் கேள்வி எனக்குத் தெரியும். "எஸ்.பி.எம். வருது, இதுக்கெல்லாம் நேரம் எங்க?" நான் கேட்பது வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம். கடைசி நேரத்தில் மூன்று வாரம் தினமும் மாலையைத் திடலில் செலவிட்டு, காயத்தோடு வீட்டில் படுத்திருப்பதைவிட இது குறைவு. உங்கள் வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். அதை வெட்டித்தான் பயிற்சி செய்ய வேண்டும் என்றால் பயிற்சியை விட்டுவிடுங்கள். ஆனால் பெரும்பாலான வீடுகளில் தூக்கத்தை வெட்டுவது பயிற்சி அல்ல, கைத்தொலைபேசி.

பள்ளிகளிடமும் ஒரு கேள்வி உண்டு. விடுமுறையில் திடலின் வாயிற்கதவு ஏன் பூட்டியே கிடக்கிறது? ஆசிரியர்களுக்கும் ஓய்வு தேவைதான். ஆனால் பெற்றோர் ஆசிரியர் சங்கம் முன்வந்தால், வாரத்துக்கு இரண்டு காலைப்பொழுது, பொறுப்புள்ள பெரியவர் ஒருவர் முன்னிலையில் திறந்து வைக்க முடியாதா? மலாக்காவில் மாவட்டங்கள் மூன்றே. தூரம் ஒரு தடையே இல்லை. பரிசுக் கோப்பை வாங்கச் செலவிடும் பணத்தில் கொஞ்சம் எடுத்தால் பத்துப் படிப்பலகைகள் செய்துவிடலாம்.

கதவு திறக்கும்வரை வாசற்படி இருக்கிறது. விடுமுறையின் முதல் சனிக்கிழமை காலை 3 நிமிடம் ஏறி இறங்குங்கள். நாடித்துடிப்பை, ஒரு நிமிடத்துக்குப் பின் எண்ணியதையும் சேர்த்து, சமையலறையில் மாட்டியிருக்கும் நாள்காட்டியில் அந்தத் தேதியின் கட்டத்துக்குள்ளேயே எழுதுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே நேரத்தில், அதே படியில் மறுபடி. நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் உடனே நிறுத்துங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் மருந்துக் குழலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி திறக்கும் நாளில் அந்தத் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு போய் உடற்கல்வி ஆசிரியரிடம் காட்டுங்கள். "400 மீட்டர் யாரு ஓடுறா?" என்று அவர் கேட்பதற்கு முன்பே.